அடுத்த பாடம் எங்கே?

2024ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவைக் கரக்பூரில் நம் சங்கத்தார் கொண்டாடியபோது, பிள்ளைகள் பந்தியில் அமர்ந்து சர்க்கரைப் பொங்கலுக்காகக் காத்திருந்த வேளையில், ரூர்கேலாவிலிருந்து குடும்பத்துடன் வந்திருந்த அம்மையார் ஒருவர் நம்மை அணுகினார். “அண்ணா, சங்கத்துத் தமிழ்ப் பாடம் பதினொன்றோடு நின்றுபோயிற்றே, மேற்கொண்டு எழுத ஆளில்லையா?” என்று கேட்டார். கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு நாம் விழித்தோம். நம் சங்கத்தின் இணையதளத்தில் உள்ள தமிழ்ப் பாடங்கள் மொத்தம் 42. இவ்விதழின் கடைசிப் பக்கத்தில் மாதந்தோறும் வெளிவந்து, பின்னர் ஒவ்வொன்றாகத் தளத்தில் ஏற்றப்பெற்றவை அவை. பதினொன்றோடு முடிந்தது என்று இவர் சொல்வது எவ்வாறு?

அம்மையார் தம் கைப்பேசியைத் திறந்து காட்டினார். யாரோ உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய முதற் பாடத்தின் முகவரியைப் பிடித்துக்கொண்டு, அவருடைய ஒன்பது வயது மகள் ஒவ்வொரு பாடத்தின் அடியிலும் உள்ள பொத்தானை அழுத்தி அழுத்தி முன்னேறியிருக்கிறாள். பதினோராம் பாடத்தின் அடியில் பொத்தான் இல்லை. ஆகவே பாடம் முற்றிற்று என்று தாயும் மகளும் முடிவு கட்டிவிட்டார்கள். பொருளடக்கப் பக்கம் என ஒன்று இருப்பதையே அவர்கள் அறியார். அறிவதற்கு வழியும் நாம் வைத்திருக்கவில்லை.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று சில அன்பர்கள் கேட்கலாம். அந்தச் சிறுமியின் பாட்டி கும்பகோணத்தில் இருக்கிறார். சில ஆண்டுகளாக அவருக்குக் காது கேளாமற் போய்விட்டது. தொலைபேசியில் பேத்தியின் குரலைக் கேட்க இயலாது. படிக்கத் தெரிந்த மொழி தமிழ் ஒன்றே. பாட்டியோடு பேசுவதற்குக் கடிதம் தவிர வேறு வழியில்லை என்பதால்தான் அப்பெண் தமிழ் எழுத்தைக் கற்கப் புகுந்தாள். நம் பதினோராம் பாடம் அகர உயிர்மெய்களைக் கூறுவது. அதுவரை படித்தவர் மரம், படம், பழம், வயல் என்று எழுதலாம். துணைக்கால் வருவது பன்னிரண்டாம் பாடத்தில். இகரம் ஏறிய எழுத்துகள் வருவது பதின்மூன்றாம் பாடத்தில். அதாவது ‘பாட்டி’ என்று எழுத அவளுக்கு இன்னும் இரண்டே பாடங்கள் தேவையாயிருந்தன. அந்த இரண்டு பாடங்களும் சங்கத்தின் தளத்தில் பத்திரமாக இருந்துகொண்டே, எட்டு மாத காலம் அவள் கண்ணுக்குத் தெரியாமற் போயின. இதைக் கேட்டபின் நமக்குப் பொங்கல் இறங்கவில்லை.

அன்றிரவே 42 பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். பதினோராம் பாடத்தில் பொத்தானே இல்லை. இருபத்து மூன்றாம் பாடத்தில் உள்ள பொத்தான் இருபத்திரண்டுக்கே திரும்ப அழைத்துச் சென்றது. கடைசிப் பாடத்தின் பொத்தான், இல்லாத 43ஆம் பாடத்தைத் தேடிப் போய், 404 என்னும் எண்ணுடன் ஓர் ஆங்கில அறிவிப்பைக் கொண்டுவந்து நிறுத்திற்று. பக்கங்களை உருவாக்கிய இளைஞரைக் குறை கூறுவதற்கில்லை. ஊதியமின்றிச் செய்த வேலை. ஒரு பக்கத்தை நகலெடுத்து அடுத்த பக்கமாக மாற்றும்போது அடியிலுள்ள இணைப்பைத் திருத்த இரண்டோர் இடத்தில் மறந்துவிட்டார். பின்னர் உத்தியோகம் கிடைத்து வெளியூர் சென்றுவிட்டார். பார்சல் ஆபீஸில் நாள்தோறும் வே-பில் எழுதும் நாமும் ஊர்ப் பெயரை மாற்றி எழுதிவிட்டு விழித்ததுண்டு.

இங்கே நம் தளத்தின் தன்மையைச் சிறிது சொல்லிவிட வேண்டும். இணையதளங்கள் இருவகை. முதல் வகையில், வாசகர் கேட்கும்போதெல்லாம் சர்வர் தன் கிடங்கிலிருந்து சரக்கை எடுத்து, அந்த நொடியில் ஒரு பக்கத்தைக் கட்டிக் கொடுக்கும். வங்கி, டிக்கெட் முன்பதிவு முதலியவற்றின் தளங்கள் அத்தகையன. இரண்டாம் வகை நிலைத்த பக்கங்களால் ஆனது. அச்சடித்து அடுக்கி வைத்த துண்டுப் பிரசுரம் போல ஒவ்வொரு பக்கமும் ஒரு தனிக் கோப்பு. கேட்டவருக்குச் சர்வர் அதை எடுத்து நீட்டும். அவ்வளவே அதன் வேலை. செலவு மிகக் குறைவு, பழுது குறைவு, திருடர் புக வாயிலும் குறைவு. நம் சங்கம் போன்ற ஏழைச் சபைகளுக்கு இதுவே ஏற்றது என்பது நம் கருத்து. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. எந்தப் பக்கத்துக்கும் தன் அண்டை அயல் யாரென்று தானாகத் தெரியாது. நாம் எழுதி வைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

புத்தகத்துக்கு இத்தொல்லை கிடையாது. பைண்டு செய்பவர் தைத்த நூலே வரிசையைக் காத்துக்கொள்ளும். அதற்கு முந்திய ஓலைச் சுவடிகளில் இந்தக் கவலை இருந்தது. துளையில் கோத்த கயிறு அறுந்தால் ஏடுகள் கலைந்துவிடும் என்பதால் ஏட்டின் ஓரத்தில் தமிழ் எண் இட்டு வைத்தார்கள். எண் இருந்த மூலை முறிந்துபோன சுவடிகளை வைத்துக்கொண்டு எந்த ஏட்டுக்குப் பின் எந்த ஏடு என்று பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. அச்சு வந்தபின் பழைய புத்தகங்கள் பலவற்றில், அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை இந்தப் பக்கத்தின் அடியிலேயே சிறிதாக அச்சிட்டார்கள். பாரங்களை மடித்து அடுக்குபவருக்கு அது அடையாளம். நம் முன்னோர் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஒரு செய்யுளின் ஈற்றில் நின்ற சொல்லையே அடுத்த செய்யுளின் முதலாக வைத்து அந்தாதி பாடினார்கள். அங்கே ‘அடுத்தது’ என்னும் பொத்தான் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது! ஓர் ஏடு இடம் மாறினாலும் படித்தவர் கண்டுபிடித்துவிடுவார். நம் பாடங்களுக்கோ அந்தப் பாக்கியம் இல்லை.

ஆகவே கையாலேயே திருத்தலானோம். முதற் பாடத்துக்கு முந்தையது இல்லை. கடைசிப் பாடத்துக்கு அடுத்தது இல்லை. ஏனைய 40 பாடங்களுக்கும் இரண்டிரண்டு. ஆக 82 இணைப்புகள். அலுவல் முடிந்து வந்து மூன்று இரவுகள் உட்கார்ந்து 82ஐயும் எழுதி, ஒவ்வொன்றையும் அழுத்திச் சரிபார்த்து, நான்காம் நாள் நிம்மதியாக உறங்கினோம்.

ஐந்தாம் நாள் பாடங்களை எழுதிய தமிழாசிரியர் வந்தார். “தம்பி, ந, ண, ன வேறுபாட்டுக்கு ஒரு பாடம் எழுதியிருக்கிறேன். இந்திப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு நகரமும் ஒரு ணகரமும்தான் பழக்கம். இங்கே மூன்றையும் பார்த்து மிரளுகிறார்கள். இதைப் பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவில் வைத்துவிடுங்கள்” என்றார். ‘வைத்துவிடுங்கள்’ என்பது சொல்லுக்கு எளிது. நம் கோப்புகளின் பெயர்கள் பாடம்-1, பாடம்-2 என்று எண்ணாலேயே அமைந்தவை. நடுவில் ஒன்று புகுந்தால் 15 முதல் 42 வரை 28 கோப்புகளுக்குப் பெயர் மாற்ற வேண்டும். அவற்றைச் சுட்டும் இணைப்புகளையெல்லாம் மாற்ற வேண்டும். அதனினும் பெருந்தீங்கு ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் பலர் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் அனுப்பி வைத்திருக்கும் முகவரிகள் யாவும் ஒரே நாளில் பொய்யாகிவிடும். இருபதாம் பாடம் என்று நம்பி ஒருவர் திறந்தால் பத்தொன்பதாம் பாடம் வந்து நிற்கும்.

இந்த இக்கட்டை, சங்கத்தின் மூத்த உறுப்பினரும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டருமான ஒரு பெரியவரிடம் சொல்லிப் புலம்பினோம். கணினியை அவர் தொட்டதில்லை. ஆனால் அவர் சொன்ன விடைதான் நம்மைக் கரையேற்றியது.

“தம்பி, ஒரு ஸ்டேஷன் மாஸ்டருக்கு வேலை நேரத்தில் வேண்டியவை இரண்டே ஸ்டேஷன்கள். வண்டி வந்த ஸ்டேஷன் ஒன்று, போகப்போகிற ஸ்டேஷன் ஒன்று. அடுத்த ஸ்டேஷன்காரர் லைன் கிளியர் கொடுக்காமல் வண்டியை அனுப்பமாட்டோம். அதற்கப்பால் நாக்பூர் எங்கே, பம்பாய் எங்கே என்பது நம் கவலையன்று. ஆனால் டாட்டாநகருக்கும் சக்ரதர்பூருக்கும் இடையில் இன்ன ஸ்டேஷன்கள், இன்ன வரிசை என்பதை அவரவர் இஷ்டப்படி தத்தம் சுவரில் எழுதிக்கொள்கிறோமா? வொர்க்கிங் டைம்டேபிள் ஒன்று இருக்கிறது. வரிசை அதில் இருக்கிறது. புது ஸ்டேஷன் திறந்தால் அதிலே ஒரு வரி சேருகிறது. நீங்கள் டைம்டேபிள் இல்லாமல் ரயில் ஓட்டப் பார்க்கிறீர்கள்” என்றார்.

உண்மை. வரிசையை நாம் 82 இடங்களில் எழுதி வைத்திருந்தோம். எழுத வேண்டியதோ ஒரே இடத்தில். பாடங்களின் பெயர்கள், வரிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழாக அமைந்த ஒரு பட்டியல் போதும். எந்தப் பாடத்தின் மேல்வரியில் எது நிற்கிறதோ அது முந்தையது. கீழ்வரியில் எது நிற்கிறதோ அது அடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உள்ள பொத்தான்களைக் கை எழுதக் கூடாது. பட்டியலைப் பார்த்து ஒரு சிறு நிரல் எழுத வேண்டும்.

இப்படி ஒரு மகத்தான உண்மையைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணிச் சிறிது பெருமிதம் கொண்டிருந்தோம். பிறகு வலையின் வரலாற்றைப் புரட்டியபோது அது அடங்கிவிட்டது. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் 1990இல் எழுதிய முதல் உலாவியிலேயே, ‘நெக்ஸ்ட்’, ‘ப்ரீவியஸ்’ என்ற இரு கட்டளைகள் மெனுவில் இருந்தன. ஒரு பட்டியல் பக்கத்திலிருந்து ஓர் இணைப்பைத் தொடர்ந்து சென்றவர் ‘நெக்ஸ்ட்’ என்பதை அழுத்தினால், அதே பட்டியலில் அதற்கடுத்து நிற்கும் இணைப்பு எதுவோ அந்தப் பக்கம் வந்து சேரும். பக்கங்கள் ஒன்றையொன்று அறிய வேண்டியதில்லை. பட்டியல் அறிந்தால் போதும். நம் பெரியவர் சொன்னதும் அதுவேயன்றோ? அந்த உலாவி எழுதப்பெற்ற கணினியின் பெயரும் ‘நெக்ஸ்ட்’ என்பது ஒரு வேடிக்கை. பின்னால் வந்து பரவிய உலாவிகளில் அந்தப் பட்டியல் வழி நிலைக்கவில்லை. அடுத்த பக்கத்தைக் காட்டும் பொறுப்பு பக்கத்தை எழுதுகிறவர் தலையில் வந்து விழுந்தது.

அவரே 1998இல் எழுதிய மற்றொரு குறிப்பில், நல்ல முகவரிகள் மாறாதவை என்ற கருத்தை வலியுறுத்தியிருக்கிறார். அதையும் ஏற்றுக்கொண்டோம். எண்ணால் அமைந்த பெயர்களைக் கைவிட்டு, துணைக்கால், இகரம், ணகரம் என்று பொருளாலே கோப்புகளுக்குப் பெயர் வைத்தோம். ‘இது பதினைந்தாம் பாடம்’ என்பது பக்கத்தின் தலையில் வாசகருக்குத் தெரியும். அந்த எண்ணையும் பட்டியலைப் பார்த்து நிரலே எழுதும். நாளை அது பதினாறாம் பாடம் ஆனாலும் முகவரி மாறாது. பழைய எண் முகவரிகளைத் தேடி வருவோருக்காக, ஒவ்வொன்றிலும் ‘இப்பாடம் இங்கே இருக்கிறது’ என்று புதிய இடத்துக்கு அனுப்பும் ஒரு சிறு பக்கத்தை விட்டு வைத்தோம். வீடு மாறியவர் பழைய வீட்டுக் கதவில் புது விலாசத்தை ஒட்டிவிட்டுப் போவது போல.

நிரலை எழுதியது நாமல்லோம். பாலிடெக்னிக்கில் பயிலும் நம் மைத்துனர் மகள், பைத்தான் மொழியில் ஒரு மாலைப் பொழுதில் எழுதிக் கொடுத்தாள். முப்பது வரிகூட வராது. “மாமா, முதல் வரிக்கு மேலே ஒன்றுமில்லை, கடைசி வரிக்குக் கீழே ஒன்றுமில்லை. அந்த இரண்டு இடத்தையும் தனியாகக் கவனிக்கவில்லையானால் நிரல் தப்பாகப் போகும்” என்று அவள் எச்சரித்தாள். முதலிலும் ஈற்றிலும் என்ன செய்வது என்று வீட்டில் ஒரு விவாதமே நடந்தது. அந்தாதி மண்டலித்து வருவது போல, கடைசிப் பாடத்திலிருந்து முதற் பாடத்துக்கே கொண்டுபோய் விடலாம் என்பது நம் முதல் எண்ணம். பாட்டுக்கு அது அழகு, பாடத்துக்கு ஆகாது. முடித்துவிட்ட குழந்தைக்கு முடித்தோம் என்பது தெரிய வேண்டும். எனவே கடைசிப் பாடத்தின் அடியில் ‘பாடங்கள் முற்றின’ என்ற சொற்களும், பொருளடக்கத்துக்குச் செல்லும் வழியும் வைத்தோம். இனி எந்தப் பக்கமும் பொத்தானின்றி முடியாது. முடிவு என்றால் முடிவு என்று எழுதியிருக்கும். எழுதியிராவிடில் நம் பிழை என்று வாசகர் உடனே அறிந்துகொள்ளலாம். இந்த ஒரு சொற்றொடர் முன்பே இருந்திருந்தால் அந்தச் சிறுமி பதினோராம் பாடத்தில் ஏமாந்திருக்கமாட்டாள்.

இனி, பொத்தானின் மேல் என்ன எழுதுவது என்பது. இதைச் சிறு விஷயம் என்று எண்ணியிருந்தோம். பழைய பக்கங்களில் ‘முன்’ என்றும் ‘பின்’ என்றும் இருந்தன. சோதனைக்காகக் குடியிருப்பில் உள்ள பிள்ளைகள் அறுவரை அழைத்து, “அடுத்த பாடத்துக்குப் போங்கள்” என்று சொன்னோம். நால்வர் ‘முன்’ என்பதை அழுத்தினார்கள். “முன்னே போகச் சொன்னீர்களே, அங்கிள்!” என்றான் ஒருவன். அவன் சொல்வதில் தவறில்லை. ‘முன்’ என்னும் சொல்லைக் காலத்துக்குச் சொன்னால் கழிந்துபோனது. இடத்துக்குச் சொன்னால் எதிரே இருப்பது. முன்னாளில் நடந்தது என்கிறோம். முன்னால் நடந்து போ என்கிறோம். ‘பின்’ என்பதும் அவ்வாறே. பிறகு வருவதும் பின், முதுகுப் புறம் இருப்பதும் பின். பெரியவர்கள் அந்தப் பொத்தானைக் காலமாக எண்ணிப் படித்தார்கள். குழந்தைகள் இடமாக எண்ணிப் படித்தார்கள். ‘முன் பக்கம்’ என்று எழுதினாலோ, முகப்புப் பக்கம் என்று மூன்றாவது பொருளும் வந்து சேருகிறது. நேற்றும் ‘கல்’, நாளையும் ‘கல்’ என்று சொல்லும் இந்தியைக் கேலி செய்யும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் பெரியவர் இதைக் கேட்டுச் சிரித்தார். ரயில்வே விதிகளில் அட்வான்ஸ் ஸ்டேஷன், ரியர் ஸ்டேஷன் என்று சொல்வது வண்டி போகும் திசையைப் பொறுத்தது. டவுன் வண்டிக்கு அட்வான்ஸாக இருக்கும் அதே ஸ்டேஷன் அப் வண்டிக்கு ரியர் ஆகிவிடும். “எந்த வண்டி என்று சொல்லாமல் அட்வான்ஸ் என்றால் யாருக்கு விளங்கும்?” என்பது அவர் கேள்வி.

ஆகையால் ‘முன்’, ‘பின்’ இரண்டையும் அடியோடு நீக்கினோம். ‘முந்தைய பாடம்’, ‘அடுத்த பாடம்’ என்று முழுச் சொல்லாக எழுதினோம். அதோடு நிற்காமல், செல்லும் இடத்தின் பெயரையும் சேர்த்தோம். ‘அடுத்த பாடம்: இகர உயிர்மெய்’ என்று கண்டால் யாருக்கும் ஐயம் இராது; எதைப் படிக்கப் போகிறோம் என்ற ஆவலும் எழும். அடுத்தது வலப் பக்கத்திலும் முந்தையது இடப் பக்கத்திலும் நிற்கின்றன. தமிழ் இடமிருந்து வலமாகச் செல்வதால் அது இயல்பு. நடுவே பொருளடக்கம். கைப்பேசியில் பாட்டனார்களின் பெருவிரலும் தவறாமல் அழுத்தும்படி பொத்தானைப் பெரிதாக்கினோம். தளத்துக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் வாசல் வழியாக வருவதில்லை, வாட்ஸ்அப் என்னும் ஜன்னல் வழியாக நடுவீட்டில் வந்து குதிக்கிறார்கள் என்பதால், பக்கத்தின் தலையிலேயே ‘43 பாடங்களுள் 15ஆம் பாடம்’ என்றும் எழுதினோம்.

வாசகர் கண்ணுக்குப் படாத ஒரு குறிப்பும் உண்டு. பக்கத்தின் தலைப்பகுதியில், இதற்கு முந்தைய பக்கம் இது, அடுத்த பக்கம் இது என்று உலாவிகளுக்கும் தேடுபொறிகளுக்கும் அறிவிக்கும் வழி, 1999இல் வெளியான எச்.டி.எம்.எல். 4.01 விதிகளிலேயே இருக்கிறது. கூகுள் நிறுவனம் தன் தேடுபொறி அக்குறிப்பைப் பயன்படுத்துவதில்லை என்று 2019இல் தெரிவித்துவிட்டது. நிரல் எழுதுகிறது, நமக்குச் சிரமமில்லை என்பதால் அதையும் இருக்கவிட்டோம்.

வேறு சங்கங்களைச் சேர்ந்த அன்பர்கள் இதே வேலையில் இறங்குவார்களாயின் ஒன்று சொல்லிவிடுகிறோம். நிலைத்த பக்கங்களை உருவாக்கவென்றே 2008இல் வெளிவந்த ஜெக்கில், 2013இல் வெளிவந்த ஹியூகோ முதலிய கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முந்தையது, அடுத்தது என்பவற்றை அமைத்துக் கொடுக்கும் வசதி அவற்றில் உண்டு. நாமும் முதலில் ஜெக்கிலை முயன்றோம். ஆனால் அது பதிவுகளுக்குத் தேதியை வைத்து வரிசை அமைக்கும். செய்திக்கும் நாட்குறிப்புக்கும் தேதி வரிசை பொருந்தும். நம் ஆசிரியரோ, தீபாவளிக்குப் பிள்ளைகள் வாழ்த்து எழுத வேண்டும் என்று கருதி, கடிதம் எழுதும் பாடத்தை ஓர் ஐப்பசி இதழிலேயே அவசரமாக வெளியிட்டவர். தேதிப்படி சென்றால் எழுத்தே முழுதும் தெரியாத குழந்தையின் முன் கடிதப் பாடம் வந்து நிற்கும். அச்சான வரிசை வேறு, படிக்க வேண்டிய வரிசை வேறு. இவ்விஷயத்தில் தேதியை நம்பாமல், ஆசிரியரை உட்கார வைத்துக்கொண்டு பட்டியலை எழுதுவதே நலம். அப்பட்டியலை எழுதத்தான் நமக்கு அதிக நேரம் பிடித்தது. ஐந்து பாடங்கள் இடம் மாறின. கடிதப் பாடம் கடைசிக்குச் சென்றது.

புதிய அமைப்பு பங்குனி மாதத்தில் தளத்தில் ஏறிற்று. ஆடி மாத இறுதியில் ரூர்கேலா அம்மையாரிடமிருந்து ஒரு நிழற்படம் வந்தது. கோடிட்ட தாளில், பென்சிலால் எழுதிய கடிதம். ‘அன்புள்ள பாட்டிகு’ என்று தொடங்கிற்று. ஒற்று விடுபட்டிருந்தாலும், துணைக்காலும் இகரமும் தத்தம் இடத்தில் நின்றன. அந்தக் கடிதம் கும்பகோணம் போய்ச் சேர்ந்து, ஆவணியில் பாட்டியிடமிருந்து இன்லண்ட் கடிதமாகப் பதிலும் வந்தது.

பதில் வந்ததும் புதியதொரு தொல்லை முளைத்தது. பேத்தியால் அதைப் படிக்க முடியவில்லை. பாட்டி எழுதியது பழைய எழுத்து. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிடுவதற்கு முன் பள்ளியில் பயின்றவர் அவர். ணை, லை, ளை, னை ஆகியவற்றை யானைத் துதிக்கை போன்ற கொம்பு வைத்தே எழுதுகிறார். ணா, றா, னா ஆகிய மூன்றையும் துணைக்கால் இன்றிச் சுழித்து எழுதுகிறார். “மாமா, பாட்டி தப்புத் தப்பாக எழுதியிருக்கிறாள்” என்று அச்சிறுமி தொலைபேசியில் நம்மிடம் முறையிட்டாள். தப்பன்று, அதுதான் பாட்டி கற்ற தமிழ் என்று விளக்குவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. தமிழாசிரியரிடம் சொன்னோம். மறுவாரமே பழைய எழுத்துகளுக்கென ஒரு பாடம் எழுதிக் கொடுத்தார். ஐகார உயிர்மெய்களைக் கூறும் இருபதாம் பாடத்தை அடுத்து அதை வைக்க வேண்டும் என்றார். பட்டியலில் இருபதாம் வரிக்குக் கீழே ஒரு வரி சேர்த்து நிரலை ஓடவிட்டோம். தேநீர் ஆறுவதற்குள் 44 பக்கங்களும் தத்தம் அண்டை அயலை அறிந்துகொண்டன.

அந்தப் பாடத்தில் இப்போது எழுத்து வடிவங்கள் மட்டுமே உள்ளன. படித்துப் பழகக் கையெழுத்து மாதிரி இல்லை. பழைய எழுத்தில் எழுதும் பெரியோர் வீட்டில் இருப்பின், பத்து வரிக்குக் குறையாமல் ஏதேனும் ஒன்றை அவர்கள் கையால் எழுதச் செய்து, தாளை மடிக்காமல் சங்க முகவரிக்கு அனுப்ப வேண்டுகிறோம். அன்றியும், முதலில் 31ஆம் பாடமாக இருந்து இப்போது 33ஆம் பாடமாகிவிட்ட பக்கத்தில் பாதிப் பாடமே உள்ளது. அது வெளிவந்த இதழின் சங்கப் பிரதியைச் செல்லரித்துவிட்டது; ஆசிரியரிடமும் கையெழுத்துப் படி இல்லை. பழைய இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் குடும்பத்தார் எவரேனும் பரண்மேல் ஏறிப் பார்த்தால் நன்று. கிடைத்தவர்கள் அந்தக் கடைசிப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினாலும் போதும்.